புள்ளி ஏழு

2015 டிசம்பரில் வெள்ளம் வடிந்த பிறகு, முடிச்சூர் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் மொட்டைமாடிகளில் காய்ந்துகொண்டிருந்தது துணி மட்டுமல்ல. மெத்தை, ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், கல்யாண ஆல்பம் என்று எல்லாமே காய்ந்துகொண்டிருந்தன. அடையாற்றில் வந்த தண்ணீர் வரதராஜபுரத்தையும் முடிச்சூரையும் ஓர் இரவில் ஏரியாக்கிவிட்டுப் போயிருந்தது. எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில் சற்று மேடான தெருவில், அதுவும் முதல் மாடி. தப்பித்தோம். ப்ளஸ் டூவில் எனக்கு இயற்பியல் டியூஷன் எடுத்த சாரின் வீடு தரைத்தளம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிளீச்சிங் பவுடரும் இரண்டு கேன் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போனேன். சுவரில் என் மார்பு உயரத்துக்குப் பழுப்புக் கோடு. சார் மாடியில் இருந்தார். பழைய தினசரிகளை விரித்து, அவற்றின் மேல் தட்டச்சுத் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்து, மூலைக்கு ஒரு ஜல்லிக்கல் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னோட தீசிஸ்பா" என்றார். "ஒரே காப்பிதான் வீட்ல இருந்தது."

அவர் முனைவர் பட்டம் வாங்கியவர் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. எங்களுக்கு அவர் கூலூம் விதியும் லென்ஸ் சூத்திரமும் நடத்திய சார். உட்கார்ந்து நானும் தாள்களைப் பிரித்தேன். டைப்ரைட்டர் எழுத்துகள் அப்படியே நின்றிருந்தன. டைப்ரைட்டரில் இல்லாத கிரேக்க எழுத்துகளையும் தொகைக் குறிகளையும் அந்தக் காலத்தில் பேனாவால்தான் எழுதிச் சேர்ப்பார்களாம். அவை மட்டும் கரைந்து நீலத் திட்டுகளாகியிருந்தன. சமன்பாடுகளில் எண்களும் அடைப்புக்குறிகளும் மிச்சம், நடுவில் இருந்தவற்றைத் தண்ணீர் எடுத்துக்கொண்டுவிட்டது.

ஒரு பக்கத்தில் அட்டவணை முழுசாக இருந்தது. முதல் நிரலில் கணக்கிட்ட மதிப்பு, கடைசி நிரலில் சோதனை மதிப்பு, நடுவில் ஒரு சிறு நிரல். அதில் எல்லா வரியிலும் ஒரே எண்: 0.7.

"இது என்ன சார்?"

"அதுவா? பொருந்தறதுக்காகப் போட்டது" என்று சொல்லி, அந்தத் தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

நான் கணினி நிரல் எழுதிப் பிழைப்பவன். எல்லா வரியிலும் ஒரே எண் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க எனக்குப் பயிற்சி இல்லை. ஆனால் அன்றைக்குக் கேட்கவில்லை. வீட்டுக்குள் அம்மா, சாரின் மனைவி, ஊறிப்போன அரிசி மூட்டையைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கிப் போய் ஒரு கை கொடுத்தேன்.

*

அந்த ஆய்வேட்டின் பொருளை நான் புரிந்துகொள்ள ஐந்தாறு வருடங்கள் ஆயின. ஒரே ஒரு அணுக்கரு, அதில் ஒரே ஒரு நிகழ்வு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நம் எலும்பிலும் வெற்றிலைச் சுண்ணாம்பிலும் இருப்பது கால்சியம். பெரும்பாலும் அது கால்சியம்-40: இருபது புரோட்டான், இருபது நியூட்ரான். ஆனால் ஆயிரம் கால்சியம் அணுக்களை எண்ணினால், கிட்டத்தட்ட இரண்டில் எட்டு நியூட்ரான்கள் கூடுதலாக இருக்கும். அதுதான் கால்சியம்-48. இயற்கைக் கால்சியத்தில் அதன் பங்கு 0.19 சதவீதத்துக்கும் குறைவு. அணுக்கரு இயற்பியலாளர்களுக்கு அது செல்லப்பிள்ளை. காரணம், 20, 28 இரண்டுமே 'மாய எண்கள்'. அந்த எண்ணிக்கையில் புரோட்டானோ நியூட்ரானோ இருந்தால் அடுக்கு நிறைந்துவிடும், கரு கட்டுக்கோப்பாக நிற்கும். 28 ஏன் மாய எண் என்பதை 1949இல் மரியா கோப்பர்ட் மேயரும் ஹான்ஸ் யென்சனும் விளக்கினார்கள். ஒரு துகளின் தற்சுழற்சியும் அது சுற்றிவரும் திசையும் ஒத்துப்போனால் அதன் ஆற்றல் குறைகிறது, எதிராக இருந்தால் கூடுகிறது என்பது விளக்கத்தின் சாரம். 1963இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

கால்சியம்-48இல் அந்தக் கூடுதல் எட்டு நியூட்ரான்களும் ஒரே அடுக்கில், தற்சுழற்சியும் சுற்றும் திசையும் ஒத்த நிலையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் தற்சுழற்சியை மட்டும் தலைகீழாக்கினால் என்ன ஆகும்? கரு 10.23 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் ஏறி நிற்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் தற்சுழற்சியைத் திருப்பத்தான் செய்கிறார்கள். ஆனால் அங்கே நம் உடம்பு ஹைட்ரஜனின் கரு வெளிக்காந்தத்தில் திரும்புவதற்குத் தேவைப்படுவது ஓர் எலக்ட்ரான் வோல்ட்டின் கோடியில் இரண்டு மூன்று பங்குதான். கருவுக்கு உள்ளேயே, அதன் சொந்தக் கட்டுப்பாட்டை மீறி ஒரு நியூட்ரானைத் திருப்ப ஆகும் செலவு அதைப்போல் பல லட்சம் கோடி மடங்கு.

இந்தத் திருப்பத்தை எப்படிப் பார்ப்பது? எலக்ட்ரானை எறிந்துதான். எலக்ட்ரானுக்கு அணுக்கரு விசை தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மின்னூட்டமும் காந்தமும். அந்த இரண்டின் விதிகளும் நமக்கு மிகத் துல்லியமாகத் தெரியும். எனவே எறிந்த எலக்ட்ரான் என்ன ஆற்றலில், எந்தக் கோணத்தில் வெளியே வந்தது என்று அளந்தால், உள்ளே என்ன நடந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். 1950களில் ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் இப்படித்தான் அணுக்கருக்களின் அளவையும் மின்னூட்டப் பரவலையும் அளந்து 1961இல் நோபல் வாங்கினார்.

ஒரு தொல்லை உண்டு. முன்பக்கம் சிதறும் எலக்ட்ரான்களில் மிகப் பெரும்பாலானவை கருவின் மின்னூட்டத்தால் சிதறியவை. காந்தத்தால் சிதறியவை அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். காந்தத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் வந்த வழியே திரும்புகிற எலக்ட்ரான்களைப் பார்க்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ளத் தாம்பரத்துக்காரனுக்கு ஒரு வசதி இருக்கிறது. கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் தாம்பரத்தில் முடிந்து மறுபடி கடற்கரைக்குக் கிளம்பும்போது வண்டி திரும்புவதில்லை. ஓட்டுநர்தான் பையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் அந்தக் கோடிவரை நடந்துபோய், எதிர்த்திசை பார்த்து உட்காருவார். 1931இல் இந்தத் தடத்தில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியதிலிருந்து யாரோ ஒருவர் இப்படி நடந்துகொண்டுதான் இருக்கிறார். வேகமான எலக்ட்ரானும் அந்த ரயில் மாதிரிதான். அதன் தற்சுழற்சி போகும் திசையோடு பூட்டப்பட்டிருக்கிறது, ஓட்டுநரின் முகம் தண்டவாளத்தைப் பார்த்திருப்பதுபோல. நேர் எதிராகத் திரும்ப வேண்டுமானால் தற்சுழற்சியும் திரும்பியாக வேண்டும். மின்னூட்டத்தின் இழுப்புக்கு வண்டியைப் பின்னால் தள்ளத் தெரியும், ஓட்டுநரை நடக்க வைக்கத் தெரியாது. அதனால் 180 பாகையில் மின்னூட்டச் சிதறல் ஏறக்குறையப் பூஜ்யமாகிவிடுகிறது. காந்தத்தால் முடியும். அந்தத் திருப்பத்துக்கான சுழலுந்தம் எலக்ட்ரானுக்கும் கருவுக்கும் இடையே கைமாறுகிறது. ஆகவே நேர் பின்னால் வரும் எலக்ட்ரான் காந்தத்தின் செய்தியைத்தான் கொண்டுவருகிறது.

1960 வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் பார்பரும் கூட்டாளிகளும் 40 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் கற்றையை வைத்து இந்த உத்தியைச் செய்து காட்டினார்கள். கார்பனில் 15.1 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கும் காந்தக் கிளர்ச்சி பளிச்சென்று தெரிந்தது. பிறகு வாஷிங்டன் கடற்படை ஆய்வகம், அதன் பிறகு ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட். 1980இல் டார்ம்ஸ்டாட்டில் அஹிம் ரிக்டரின் குழு கால்சியம்-48இலிருந்து பின்கோணத்தில் சிதறிய எலக்ட்ரான்களை அளந்தபோது, 10.23இல் ஒற்றைப் பனைமரம்போல் ஓர் உச்சம் எழுந்து நின்றது. நான்கு வருடம் கழித்து அதே ஆய்வகம்தான் கடோலினியம்-156இல் புரோட்டான் கூட்டமும் நியூட்ரான் கூட்டமும் கத்தரிக்கோல் அலகுகள்போல் ஒன்றுக்கொன்று எதிராக ஆடுவதைக் கண்டுபிடித்தது. அது பெரும்புகழ் பெற்றது. நம் சாருக்கு வேண்டியது பனைமரம்தான்.

*

அவர் வேலை பார்த்தது ஒரு கல்லூரியில். ஆய்வு பகுதிநேரம். சென்னையில் அப்போது கோட்பாட்டு அணுக்கரு இயற்பியலுக்கு நல்ல மரபு இருந்தது. அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் வீட்டிலேயே கருத்தரங்கு நடத்தி, அந்த உந்துதலில் 1962இல் கணித அறிவியல் நிறுவனத்தை உருவாக்கியிருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலுக்கென்றே தனித்துறை இருந்தது. தாம்பரத்துக்கென்றும் சொல்லிக்கொள்ள ஒன்று உண்டு. பின்னாளில் அணுசக்தித் துறையின் தலைவரான ராஜா ராமண்ணா இங்கே கிறிஸ்தவக் கல்லூரியில்தான் இயற்பியல் படித்தார். "நாங்க எல்லாம் அந்தக் காட்டு வழியா நடந்தா கொஞ்சம் நெஞ்ச நிமித்திதான் நடப்போம்" என்பார் சார்.

முடுக்கிகள் இல்லாத ஊரில் செய்யக்கூடியது கணக்கு. ஐஐடியில் 1973இல் வந்த ஐபிஎம் 370 கணினி இருந்தது. சார் ஃபோர்ட்ரான் நிரலை அட்டைகளில் துளையிட்டு, அட்டைக்கட்டை ரப்பர் பேண்டு போட்டு மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, கல்லூரி முடிந்ததும் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ரயிலேறுவார். கட்டைக் கொடுத்துவிட்டு வந்தால் விடை மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ. "ஒரு கமா விட்டுப்போனா ரெண்டு நாள் போச்சு. நீங்கள்லாம் ஒரு நாளைக்கு நூறு தடவ ஓட்டறீங்க" என்பார். அதில் பொறாமை இருந்ததா, பரிதாபம் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

அவர் கணக்கிட்டது அந்தப் பனைமரத்தின் உயரத்தை. எட்டு நியூட்ரான்களும் சமர்த்தாக ஒரே அடுக்கில் உட்கார்ந்திருக்கின்றன, அதில் ஒன்று திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். இதை நானே செய்து பார்த்திருக்கிறேன். நியூட்ரானின் தற்சுழற்சிக் காந்த எண் 3.826, குறி எதிர்மறை. அதன் வர்க்கம், அதோடு சில எளிய பின்னங்கள், நடுவில் ஒரு பை. விடை 12. அலகு, அணுக்கரு மேக்னட்டானின் வர்க்கம். டார்ம்ஸ்டாட் அளந்தது சுமார் 4. மூன்றில் ஒரு பங்கு.

மீதி எங்கே போயிற்று? உண்மையில் நியூட்ரான்கள் அவ்வளவு சமர்த்து இல்லை. ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, அமைதி நிலையிலேயே சில பக்கத்து அடுக்குகளில் போய் உட்கார்ந்திருக்கும். அதைச் சேர்த்தால் உயரம் குறையும். சார் மூன்று வருடம் அட்டை சுமந்து அதைச் சேர்த்தார். விடை 8க்கு வந்தது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது.

அந்தச் சமயத்தில் இது உலகம் முழுக்க இருந்த சிக்கல். பீட்டாச் சிதைவிலும் இதே மாதிரிப் பற்றாக்குறை. கருவுக்குள் இருக்கும்போது நியூட்ரானின் காந்தமே கொஞ்சம் மங்கிவிடுகிறது என்று பலர் எழுதினார்கள். துகள்கள் பைமேசான்களைப் பரிமாறிக்கொள்வது, நியூட்ரானே கணநேரம் டெல்டா என்ற கனமான துகளாக மாறுவது என்று காரணங்கள் சொல்லப்பட்டன. காரணம் எதுவானாலும் செய்முறை சுலபம்: காந்த எண்ணை 0.7ஆல் பெருக்கிவிடு. உயரம் அதன் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 0.49 வரும், பாதி. 8 பாதியானால் 4. டார்ம்ஸ்டாட்டோடு பொருந்திவிட்டது.

"யாரும் போடுன்னு சொல்லலப்பா. நானேதான் போட்டேன்" என்றார், இதையெல்லாம் சொன்ன நாளில். "மறைக்கவும் இல்ல. 0.7னு நிரல் போட்டுத்தான் எழுதியிருக்கேன். ஆனா எனக்கு ஏன் 8 வந்ததுங்கற கேள்வி அன்னிக்கோட செத்துப்போச்சு. பொருந்தினதும் யாரும் மேல கேக்கல. நானும் கேக்கல."

1985இல் பட்டம் கிடைத்தது. ஓர் இன்கிரிமென்ட் கூடியது. வேறு ஆய்வு எதுவும் அவர் செய்யவில்லை.

*

அந்த நாள் 2019இல் ஒரு சனிக்கிழமை. அவரைத் தேடிப்போக எனக்குச் சொந்தக் காரணம் இருந்தது.

அப்போது நான் வேலை செய்த கம்பெனி, கிடங்குகளுக்கு வருகைப் பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்தது. ஒரு வாடிக்கையாளரின் கிடங்கில் முழுக்க இரவு ஷிப்ட். லாரியில் சரக்கு ஏற்றும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வாசலில் அட்டை தேய்க்கும் நேரத்தை வைத்து நான் எழுதிய நிரல் வேலை நேரத்தைக் கணக்கிடும். ஒப்பந்ததாரரிடம் ஏற்கெனவே ஒரு பழைய மென்பொருள் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டபோது எங்கள் கணக்கு எப்போதும் கூடுதலாக வந்தது. என்ன செய்தாலும் அவர்களுடைய எண் எங்களுடையதில் 94 சதவீதம்தான்.

கூட்டத்தில் ஒருவர் விளக்கம் சொன்னார். வாசலிலிருந்து ஏற்றுமிடத்துக்கு நடக்கிற நேரம், உடை மாற்றுகிற நேரம், டீ. நியாயமாகத்தான் பட்டது. அந்த வாரக் கடைசிக்குள் இரண்டும் பொருந்தியாக வேண்டும். நான் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன்: திருத்தக் காரணி 0.94. பக்கத்தில் 'தற்காலிகம்' என்று குறிப்பும் எழுதினேன். பொருந்திவிட்டது. எல்லாரும் வீட்டுக்குப் போனோம்.

எட்டு மாதம் கழித்து வேறு ஒரு பிழையைத் தேடும்போது அந்தப் பழைய மென்பொருளின் பதிவுகளைப் பார்க்க நேர்ந்தது. இரவு பத்து மணிக்கு வருகிறவரின் ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டும்போது அது தேதிவாரியாக இரண்டாக வெட்டிவிடும். ஒவ்வொரு துண்டிலும் அரை மணி உணவு இடைவேளையைக் கழித்துவிடும். ஒரு ராத்திரிக்கு ஒரு சாப்பாடு, இரண்டு கழிவு. எட்டு மணி நேரம் உழைத்தவருக்கு ஏழரை. 7.5ஐ எட்டால் வகுத்தால் 0.9375. அந்த எண் என் கண்முன்னால்தான் இருந்திருக்கிறது. சுற்றிலும் சில்லறை வேறுபாடுகள் இருந்ததால் 0.94 என்று முழுமையாக்கிக்கொண்டேன்.

எங்கள் கணக்கு சரி. அவர்கள் கணக்கு தவறு. சரியாக இருந்த ஒன்றைத் தவறோடு பொருத்திவிட்டிருந்தேன். அதிலும் முன்பு ஒரு மென்பொருள் மட்டும் சொன்ன தவறை இப்போது இரண்டு சொல்லின. யாராவது ஒரு தொழிலாளி தன் அரை மணியைக் கேட்டு வந்திருந்தால், இரண்டு கணினியும் ஒன்றையே சொல்கிறதே என்று அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

மின்னஞ்சல் எழுதினேன். காரணி நீக்கப்பட்டது, அந்த மாதத்திலிருந்து. கழிந்த எட்டு மாதத்துக்கு என்ன என்று இரண்டு முறை கேட்டேன். 'வாடிக்கையாளர் தரப்பில் பார்த்துக்கொள்வார்கள்' என்று பதில் வந்தது. மூன்றாவது முறை கேட்கவில்லை. அடுத்த வருடம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டேன்.

இதைச் சாரிடம் சொல்லி முடித்தபோது அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. எழுந்துபோய் அலமாரியைத் திறந்து அந்த ஆய்வேட்டை எடுத்து வந்தார். காய்ந்து, அலையலையாக உப்பி, இரண்டு மடங்கு தடித்திருந்தது. அட்டவணைப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டுத்தான் அந்த 8இன் கதையைச் சொன்னார்.

கிளம்பும்போது மேல் தட்டிலிருந்து வெள்ளத்துக்குத் தப்பிய ஒரு புத்தகத்தையும் கொடுத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் வி. தேவநாதன் குவாண்டம் இயங்கியலில் சுழலுந்தக் கணக்குமுறைகள் பற்றி எழுதி 1999இல் வந்த நூல். "மொத அஞ்சு அத்தியாயம் போடு. பன்னெண்ட நீயே கொண்டு வந்துடலாம்."

*

ஊரடங்கில் போட்டேன். பன்னிரண்டு வந்த இரவு, ஏதோ கண்டுபிடித்தவன்போலத் தூக்கம் வரவில்லை.

அந்தச் சூட்டில் பழைய ஆய்வுகளையும் புதியவற்றையும் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, 4 என்ற எண்ணுக்கே எதிரி முளைத்திருக்கிறது என்று. 2011இல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் காமா கதிர் ஆய்வகத்தில் வேறு வழியில் அளந்திருக்கிறார்கள். அந்த 10.23 நிலை, கால்சியம்-48இலிருந்து ஒரு நியூட்ரான் பிய்ந்துபோகத் தேவையான ஆற்றலுக்குக் கொஞ்சம்தான் மேலே. எனவே அதே ஆற்றலுள்ள காமா கதிரைப் பாய்ச்சி, வெளியே வரும் நியூட்ரான்களை எண்ணினால் உயரம் தெரிந்துவிடும். அவர்களுக்குக் கிடைத்தது 6.8. டார்ம்ஸ்டாட்டின் எலக்ட்ரான் சொன்னதைவிட முக்கால் பங்கு அதிகம்.

அலைபேசியில் அழைத்துச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"பிழை எல்லை எவ்வளவு?"

"0.5 சார்."

"அப்ப 4 அதுக்குள்ள வராது." பிறகு, "சரி, அதுக்கப்புறம் வேற யாராவது அளந்தாங்களா, பாரு."

அளந்திருந்தார்கள். ஜப்பானில் ஒசாகா முடுக்கியில் எடுத்த புரோட்டான் சிதறல் தரவுகளிலிருந்து 2016இல் வந்த பகுப்பாய்வு மறுபடியும் 4ஐ ஒட்டியே விடை சொன்னது. ஒரு பக்கம் எலக்ட்ரானும் புரோட்டானும், மறுபக்கம் காமா.

எனக்கு இது எரிச்சலாக இருந்தது. அளவை என்றால் அளவைதானே, எப்படி இரண்டு இருக்க முடியும்? சார்தான் பொறுமையாக விளக்கினார். எலக்ட்ரான் கருவை இடிக்கும்போது ஆற்றலோடு உந்தத்தையும் கொடுக்கிறது. நமக்கு வேண்டிய எண்ணோ ஓர் ஒளித்துகளை விழுங்கும்போது கிடைக்கும் எண். அளந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் போக வேண்டும். அந்தப் பாதையில் ஒரு மாதிரி ஒளிந்திருக்கிறது. புரோட்டான் இடிப்பது அணுக்கரு விசையால், அதைக் காந்த எண்ணாக மாற்ற இன்னொரு கணக்கு. காமா சோதனையில் பின்னணி நியூட்ரான்களைக் கழிக்க வேண்டும். "நீ எழுதின புரோகிராம்ல வாசல் அட்டை ஒரு அளவை, ரிஜிஸ்டர் ஒரு அளவை. ரெண்டுக்கும் நடுவுல யாரோ ஒரு கணக்குப் போட்டிருந்தான்ல? அதே கதைதான்."

2024 ஜூனில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்தவர்களின் குழு ஒரு கணக்கை வெளியிட்டது. ஃபிரான்டியர் என்ற மீகணினியில் ஓட்டியது. நாற்பத்தெட்டுத் துகள்களும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பதிலிருந்து தொடங்கி, கையால் போட்ட மங்கல் காரணி ஏதும் இல்லாமல், அந்த உயரத்தைக் கணக்கிட்டிருந்தார்கள். விடை 7.0இலிருந்து 10.2க்குள். காமா சோதனையோடு ஒத்துப்போகிறது, எலக்ட்ரானோடும் புரோட்டானோடும் ஒத்துப்போகவில்லை. மேசான் பரிமாற்றம் போன்ற இருதுகள் விளைவுகள் காந்தத்தை மங்கச் செய்யும் என்று நம்பியிருந்தார்களே, இந்தக் கருவில் அவை மங்கச் செய்யவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். இது வெறும் எண் சண்டையும் அல்ல. வெடிக்கும் விண்மீனுக்குள் நியூட்ரினோக்கள் அணுக்கருக்களோடு எவ்வளவு வலுவாக மோதும் என்பதும் இதே தற்சுழற்சித் திருப்பத்தைச் சார்ந்தது. 0.7 உண்டா இல்லையா என்பதற்கு அங்கேயும் விலை இருக்கிறது.

அந்தத் தாளை அச்செடுத்துக்கொண்டு மாலையே முடிச்சூர் போனேன். ரயில்வே கேட் பக்கம் டிராஃபிக்கில் நிற்கும்போது மனசுக்குள் வசனமெல்லாம் தயாராகிவிட்டது. 'சார், உங்க எட்டு சரி சார். முப்பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் உங்க எட்டு சரியாயிடுச்சு.'

சொன்னேன். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு மெதுவாகப் படித்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போனது. கடைசியில் தாளை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"சந்தோஷமா இருக்குப்பா. ஆனா என் எட்டு சரின்னு சொல்லாத. நான் கண்டினியுவம் சேக்கல, முத்துகள் விசை எனக்குத் தெரியவே தெரியாது. இவங்க சேத்ததுல பாதிய நான் விட்டிருக்கேன். விட்டதெல்லாம் ஒன்ன ஒண்ணு அடிச்சுக்கிட்டு எட்டுல வந்து நின்னிருக்கும். அது அதிர்ஷ்டம்."

"அப்ப ஒண்ணும் இல்லையா சார்?"

"இருக்கு. எட்டுன்னு வந்தா எட்டுன்னு எழுதிட்டு, 'சோதனை நாலுன்னு சொல்லுது, எனக்குக் காரணம் தெரியல'ன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம். பட்டம் அப்பவும் குடுத்திருப்பாங்க." கொஞ்சம் நிறுத்தி, "எலக்ட்ரான்காரங்க இன்னும் நாலுதான்னு சொல்றாங்களா?" என்றார்.

"அந்த அளவை அப்படியேதான் இருக்கு சார்."

"அதுவும் நல்ல அளவைப்பா. சாதாரண ஆளுங்க இல்ல அவங்க. இன்னும் யாராவது அளக்கணும்."

ஆய்வேட்டை எடுத்து வரச் சொன்னார். அட்டவணைப் பக்கத்தில் 0.7 என்ற நிரலுக்கு நேராக, ஓரத்தில், பென்சிலால் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி அன்றைய தேதியைப் போட்டார். காரணம் தெரியாது என்று பொருள்படும் வரி. உப்பிய தாளில் பென்சில் முனை இரண்டு இடத்தில் குத்திக்கொண்டு நின்றது. எழுத்து கோணலாக வந்தது.

வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தேன். 2019இல் நான் அனுப்பிய மின்னஞ்சல்களின் நகல் எதுவும் என்னிடம் இல்லை, கம்பெனி மாறும்போது எல்லாம் போய்விட்டது. அந்தக் கிடங்கில் எத்தனை பேர், எத்தனை இரவு என்பது நினைவில் இருந்தது. பெருக்கிப் பார்த்தேன். அந்த எண்ணை இங்கே எழுதவில்லை. அப்போது எனக்கு மேலாளராக இருந்தவருக்கு, ஐந்து வருடம் கழித்து, மூன்றாவது முறையாக ஒரு கடிதம் எழுதினேன். கணக்கு முழுவதையும் வரிவரியாக வைத்து, 0.94 எங்கிருந்து வந்தது என்பதையும் அதைப் போட்டது நான்தான் என்பதையும் எழுதினேன்.

பதில் இன்னும் வரவில்லை.